சக்கரம் பூண்ட இல்லறம்

வீட்டை விட்டுப் புறப்படுவதற்கும் வீட்டோடு புறப்படுவதற்கும் ஆத்மிக நோக்கில் ஏதேனும் பேதம் உண்டா என்பது நம் முன்னோர்க்கு அதிகமாக எழுந்திராத கேள்வி. அவர்களுடைய கணக்கில் வீடு என்பது கட்டிய இடத்தில் நிற்பது. அதனுள் இருந்துகொண்டு மனைவி மக்களையும் சுற்றத்தையும் விருந்தையும் பேணியவன் இல்லறத்தான். அதை ஒரு நாள் விட்டெழுந்து திரும்பிப் பாராமல் நடந்தவன் துறவி. சில மாதங்கள் மட்டும் விட்டிருந்து, க்ஷேத்திரங்களைத் தரிசித்து மீண்டவன் யாத்திரிகன். இம்மூவரிலும் அடங்காத ஒரு வகை மனிதர் இன்று பெருகியிருக்கின்றனர் என்பதை, ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிரான்ஸ் தேசத்தின் நெடுஞ்சாலை ஓரத்தில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவர் எவரும் அறிவர். கட்டிலும் அடுப்பும் அலமாரியும் ஜன்னல் திரையும் கொண்ட வெண்ணிற வீடு ஒன்றைக் காரின் பின்னே கொக்கியில் மாட்டிக்கொண்டு, கலே, ஷெர்பூர், ரோஸ்கோஃப் முதலிய துறைமுகங்களில் கப்பலைவிட்டு இறங்கிய ஆங்கிலேயர்களும், தரைவழியே வந்த டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும், அந்நாட்டுக் குடும்பங்களுமாகச் சேர்ந்து, நார்மண்டியின் சுண்ணாம்புப் பாறைக் கரை தொடங்கி அட்லாண்டிக் கடலோரமாகவும், உள்நாட்டில் சூரியகாந்தி வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவிலுமாக, இங்கே மூன்று இரவு அங்கே இரண்டு இரவு என்று தங்கித் தங்கிச் செல்கின்றனர்.

இவர்கள் செய்வது வெறும் உல்லாசமா, அல்லது மகான்கள் சிலாகித்த சஞ்சாரத்தின் மங்கிய நிழலா? விடுமுறை என்பது தத்துவ விசாரத்துக்குரிய பொருளன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆனால், லட்சக்கணக்கான மக்கள் வருஷம் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தையும் காத்திருந்து பெற்ற நாட்களையும் ஒரு காரியத்தில் செலவிடுகிறார்கள் என்றால், அக்காரியத்தில் அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்பது தத்துவத்தின் கடமைகளுள் ஒன்றாகும். அதிலும் பிரான்ஸில் இந்த விடுமுறைக்கு ஒரு சரித்திர கௌரவம் உண்டு. 1936ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லெயோன் ப்ளூமின் அரசாங்கம் தொழிலாளர் அனைவருக்கும் சம்பளத்தோடு இரண்டு வார ஓய்வு வழங்கச் சட்டம் இயற்றிற்று. அதுவே 1956இல் மூன்று வாரமாகவும், 1969இல் நான்காகவும், 1982இல் ஐந்தாகவும் வளர்ந்தது. 1936க்கு முன்பெல்லாம் ஊர் சுற்றுதல் செல்வர்க்குப் பொழுதுபோக்கு, ஏழைக்குத் தலைவிதி. பஞ்சாலைத் தொழிலாளி ஒருவன் தன் விருப்பத்தாலேயே கடலைப் பார்க்கப் புறப்பட்டது அந்த ஆண்டின் கோடையிலேதான் என்றால் அது பெரிதும் மிகையாகாது.

கேரவன் என்னும் அந்த வண்டியையே முதலில் சற்று நெருங்கிப் பார்ப்போம். சாதாரண ஓட்டுநர் உரிமம் உடைய ஒருவர் செலுத்தும் காரும் அதன் பின்னே வரும் கேரவனும் சேர்ந்து, அனுமதிக்கப்பட்ட எடை 3,500 கிலோவைத் தாண்டலாகாது என்பது அங்குள்ள விதி; அதற்கு மேற்பட்டால் தனிப் பயிற்சியோ வேறு உரிமமோ வேண்டும். இதன்றியும், ஒவ்வொரு கேரவனுக்கும் அது தாங்கத்தக்க உச்ச எடை இவ்வளவு என்று தகட்டில் பொறித்திருக்கும். வெறும் வண்டியின் எடையை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது எவ்வளவோ அவ்வளவே குடும்பத்தின் சொத்து. பாத்திரம், போர்வை, மடக்கு நாற்காலி, கேஸ் சிலிண்டர், குழந்தையின் பொம்மை, பெரியவரின் புத்தகம் யாவும் அந்தக் கணக்குக்குள் அடங்கவேண்டும். கனமான பொருளைத் தாழ்வாக, அச்சுக்கு நேர்மேலே வைக்கவேண்டும். பின்பக்கம் கனத்துவிட்டால் வேகத்தில் வண்டி பாம்பைப்போல நெளியத் தொடங்கிக் காரையும் இழுத்துக் கவிழ்த்துவிடும். ஆகவே கருத்துள்ளவர்கள் புறப்படுமுன் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்க்கிறார்கள். முள் அதிகம் காட்டினால், இது வேண்டுமா, அது வேண்டுமா என்று ஒவ்வொன்றாக இறக்குகிறார்கள்.

இந்தக் காட்சியில் ஒரு விரதம் மறைந்திருக்கிறது. சமண சமயம் துறவிக்கு அபரிக்கிரகம் என்று பொருளே வைத்துக்கொள்ளாமையை விதித்தது. ஆனால் சாவகராகிய இல்லறத்தார்க்கு அதைச் சொல்லவில்லை. அவர்க்கு அது விதித்தது பரிக்கிரக பரிமாணம், அதாவது என் உடைமை இவ்வளவுக்கு மேற்படாது என்று தானே ஒரு வரம்பு கட்டிக்கொள்வது. துறத்தல் மகாவிரதம், அளத்தல் அணுவிரதம். நிலைத்த வீட்டில் வாழ்வோரில் எத்தனை பேர் தம் உடைமையை ஆயுளில் ஒரு முறையேனும் அளந்திருக்கிறார்கள்? பரண் இருக்கும்வரை பொருள் ஏறிக்கொண்டே போகும். பரண் நிரம்பினால் இன்னொரு பரண். கேரவனிலோ அச்சும் டயரும் குருவாக அமர்ந்து, இவ்வளவு போதும் என்று சொல்லிவிடுகின்றன. பயந்து மேற்கொண்ட விரதமாயினும் விரதத்துக்குரிய பலனில் ஒரு பகுதியை அது தராமல் போவதில்லை. மூன்று வாரம் எட்டுத் தட்டுகளோடு குறைவின்றி வாழ்ந்த குடும்பம், வீட்டில் காத்திருக்கும் அறுபது தட்டுகளைக் குறித்து ஒரு கணமாவது யோசிக்கும்.

முகாம்திடலில் வண்டியை நிறுத்தியவுடன் நடக்கும் காரியங்களும் இவ்வாறே ஒரு நியமம் போன்றவை. முதலில் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழ் ஆப்புக் கட்டையைச் செருகி, வண்டியைச் சமன் செய்கிறார்கள். பிறகு நான்கு மூலைத் தாங்கிகளையும் இறக்கித் தரையில் ஊன்றுகிறார்கள். அதன்பின் தண்ணீர். குழாயடிக்குப் பீப்பாயை உருட்டிச் சென்று நிரப்பி, மறுபடி உருட்டிக்கொண்டு வரவேண்டும். பாத்திரம் கழுவிய அழுக்குநீர் வேறொரு தொட்டியில் சேரும், அதையும் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். கழிவறைப் பெட்டியைத் தன் கையாலேயே எடுத்துச் சென்று, அதற்கென வைத்த இடத்தில் கவிழ்த்து, அலசி, மருந்து ஊற்றிக் கொண்டுவந்து பொருத்தவேண்டும். நகரத்து வீட்டில் குழாயைத் திருகினால் வருவது எங்கிருந்து வருகிறது என்றும், பள்ளத்தில் விழுவது எங்கே போகிறது என்றும் அறியாமல் நாற்பது வயது வரை வாழ்ந்துவிடலாம். இங்கே அவ்வறியாமைக்கு இடமில்லை. பெரிய உத்தியோகத்தில் இருப்பவரும் காலையில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அதே பெட்டியோடு எதிரே வரும் லாரி ஓட்டுநருக்கு வந்தனம் சொல்கிறார். சரீரத்தின் உண்மைகளை மறைத்துவைப்பதில் நாகரிகம் பெருமை கொள்கிறது. அவற்றை ஒளியாமல் ஏற்பதில் சமத்துவம் தொடங்குகிறது.

ஆயினும், இதுவே விடுதலை என்று முடித்துவிட முடியாது. காப்ரியேல் மார்செல் என்னும் பிரெஞ்சுத் தத்துவஞானி, இருத்தலும் உடைமையும் என்ற பொருள்படும் தலைப்பில் 1935இல் வெளியிட்ட நூலில், நான் எதை உடையவனாக இருக்கிறேனோ அது மெல்ல மெல்ல என்னை உடையதாகிவிடும் அபாயத்தை நுட்பமாக ஆராய்ந்தார். குறைத்த சுமையும் சுமையே. கேரவன்காரர் இரவில் கண் மூடும்போது, டயரில் காற்று போதுமா, கொக்கியின் பூட்டுச் சரியாக விழுந்ததா, மரக்கிளை உராய்ந்த இடத்தில் கூரை ஒழுகுமா என்றெல்லாம் எண்ணுகிறார். வீடு சிறுத்ததே ஒழிய, வீட்டுக்கவலை அதே விகிதத்தில் சிறுத்துவிடவில்லை. ஆகவே அளவு மட்டும் நம் வினாவுக்கு முழு விடையாகாது.

இவ்விடத்தில் பாஸ்கல் குறுக்கிடுவார். உள்நாட்டுப் பாதையில் ஓவெர்ன் பிரதேசத்தின் அவிந்த எரிமலைகளைக் கடந்து செல்வோர், 1623இல் அவர் பிறந்த கிளேர்மோன் நகரத்தின் வழியாகவே போகவேண்டும். அந்நகருக்கு மேலே எழும்பும் புய் தெ தோம் மலைக்கு 1648இல் தம் மைத்துனர் பெரியேரைப் பாதரசக் குழாயோடு ஏறச் செய்து, உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கும் பாரம் உண்டு என நிலைநாட்டிய அம்மேதை, மனித மனத்தின் பாரத்தையும் அதே துல்லியத்தோடு அளந்தார். மனிதனுடைய துயரங்கள் அனைத்தும், ஓர் அறைக்குள் சும்மா அமர்ந்திருக்க அவனுக்குத் தெரியாததிலிருந்தே விளைகின்றன என்பது அவருடைய பிரசித்தமான கருத்து. வேட்டை, சூதாட்டம், யுத்தம், பிரயாணம் யாவும் நம்மை நாமே காணாதிருக்க நாம் தேடிக்கொள்ளும் திசைதிருப்பல்கள் என்பார் அவர். கேரவனை அவர் கண்டிருந்தால், அறைக்குள் இருக்கமாட்டாத மனிதன் இறுதியில் அறையையே கூடவே இழுத்துக்கொண்டு ஓடக் கற்றுவிட்டான் என்று நகைத்திருப்பார்.

அந்த நகைப்பு நியாயமானதே. ஆனாலும் பிரிட்டானியின் மழையை அவர் கணக்கில் சேர்க்கவேண்டும். அட்லாண்டிக்கிலிருந்து மேகம் ஏறிவந்து இரண்டு நாள் விடாமல் பெய்யும்போது, தகரக் கூரையின்மேல் மழை கொட்டும் சத்தத்தின் கீழே, கணவனும் மனைவியும் இரண்டு குழந்தைகளும், ஒருவர் எழுந்தால் மற்றவர் முழங்காலை மடக்கவேண்டிய அந்தச் சிற்றறையில் அடைபட்டிருக்கிறார்கள். மாற்ற நினைத்தும் மாற்ற முடியாத பொழுது. தப்பிச் செல்ல வேறு அறை இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு அந்தக் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்காத அவகாசம் அப்பொழுது கிடைக்கிறது. சண்டையும் வருகிறது, சமாதானமும் வருகிறது. பாஸ்கல் வேண்டிய சும்மா இருத்தல், அவர் பழித்த பிரயாணத்தின் நடுவிலேயே இவ்வாறு வலிய வந்து சித்திக்கிறது. எனவே, பயணமே பாபம் என்னும் வாதமும் நமக்கு உதவாது.

அப்படியானால், யாத்திரிகனையும் விடுமுறைப் பயணியையும் பிரிப்பது எது? திரும்பி வருவதா? மோன் சேன் மிஷெல் தலத்துக்குச் செல்வோர் முதலில் இந்த எண்ணத்தையே கொள்வர். 708ஆம் ஆண்டு ஓபேர் என்னும் ஆயர், மிக்கேல் சம்மனசுக்குக் கோயில் எடுத்ததாகப் பாரம்பரியம் கூறும் அந்தப் பாறைத் தீவைச் சூழ்ந்து கடல் ஏறி இறங்கும் அளவு, பெரும் வெள்ளத்தின்போது பதினான்கு மீட்டரை எட்டும். கால் புதையும் சேற்றுமணலிலும், திடீரென்று சூழ்ந்துகொள்ளும் நீரிலும் உயிரிழந்த யாத்திரிகர் பலர். கடலின் அபாயத்தில் நிற்கும் தலம் என்றே மத்திய காலத்தார் அதை அழைத்தனர். புறப்படுமுன் உயில் எழுதிவைப்பது அக்காலத்து யாத்திரிகர் வழக்கம். இன்று செல்பவரும் கேரவனைக் கரையிலே விட்டுவிட்டு, 2014இல் திறந்த பாலத்தின் வழியாக இரண்டரைக் கிலோமீட்டர் நடக்கவோ, அங்கு ஓடும் வண்டியில் ஏறவோ வேண்டும். ஆனால் அவர் சட்டைப் பையில் திரும்புகாலக் கப்பலின் சீட்டு, தேதி குறித்தபடி இருக்கிறது. மீள்வோம் என்ற நிச்சயமின்றிச் சென்றவனே யாத்திரிகன், நிச்சயத்தோடு செல்பவன் சுற்றுலாக்காரன் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றுகிறது.

இதை மறுப்பதற்கென்றே அமைந்தது போல பிரிட்டானியின் மேற்குப் பகுதியில் லொக்ரோனான் என்ற கல்வீடுகளின் சிற்றூர் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்து அங்கே தவமிருந்ததாகக் கூறப்படும் ரோனான் முனிவர், அவ்வூர் மலையையும் காட்டையும் சுற்றி வலம் வந்த பாதையை, ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஜூலை மாதத்தில், கொடிகளும் பதாகைகளும் ஏந்தி மக்கள் இன்றும் வலம் வருகிறார்கள். பெரிய திரோமெனி என்று அதற்குப் பெயர், நீளம் பன்னிரண்டு கிலோமீட்டர். அண்மையில் அது நடந்தது 2025இல். நம்மவருடைய கிரிவலத்தை அறிந்தவர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. புறப்பட்ட கோயில் வாசலிலேயே வந்து முடியும் நடை அது. எங்கும் போய்ச்சேராத யாத்திரை. மாலையில் அவரவர் வீட்டில் உறங்குவர் என்ற நிச்சயம் காலையிலேயே உண்டு. அதனால் அது யாத்திரை அல்லாமற் போய்விட்டதா? வழியெல்லாம் பச்சைக் கிளைகளால் சிறு குடில்கள் வேய்ந்து, பக்கத்து ஊர்க் கோயில்களின் புனிதர் சிலைகளை அவற்றில் எழுந்தருளச் செய்து, காவலுக்கு இருப்பவர் மணியை அசைக்க, நடப்போர் நின்று காணிக்கை இட்டு வணங்கிச் செல்வர். இன்று நடப்பவனுக்காக வேறொருவன் குடில் காக்கிறான். திரும்புதல் குறையன்று என்பது இதனால் தெளிவாகிறது; யாத்திரையின் உயிர் வேறெங்கோ இருக்கிறது.

அது எங்கே என்பதற்கு ஓப்ராக் பீடபூமி விடை சொல்கிறது. லெ பூய் நகரத்தின் ஆயர் கொதெஸ்கால்க் 950ஆம் ஆண்டில் ஸ்பெயினின் சந்தியாகோ தலத்துக்குப் புறப்பட்டது முதல், அந்நகரிலிருந்து தென்மேற்கே செல்லும் பாதை யாத்திரிகர் பாதையாயிற்று. மரமில்லாத, பனியும் மூடுபனியும் சூழ்ந்த அந்த மேட்டுநிலத்தில் 1120ஐ ஒட்டி அடலார் என்னும் பிளாண்டர்ஸ் பிரபு ஒருவர் யாத்திரிகர்க்கென்று ஒரு சத்திரம் எழுப்பினார் என்பர். அங்கே வருவோர்க்கு ரொட்டியும் படுக்கையும் கிடைத்தன. மூடுபனி இறங்கிய இரவுகளில் வழி தவறியோர் காதில் விழும்படி மணி ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. கையில் ஒரு தடியும் தோளில் ஒரு பையுமாக வந்தவன், அந்த மணி அடிக்கப்படாவிட்டால் பிழைத்திருக்கமாட்டான். தன்னுடைய உயிர் முன்பின் அறியாத ஒருவனுடைய தயவில் இருக்கிறது என்ற உணர்வே அவன் பயணத்தின் சாரம். நம் நாட்டுத் துறவி ஓடேந்தி வாசலில் நின்றதும் வயிற்றுக்காக மட்டுமன்று, நான் என்னால் வாழ்கிறேன் என்ற அகங்காரம் அந்த ஓட்டிலே உடைய வேண்டும் என்பதற்காகவே. துறந்தார்க்கும் வறியார்க்கும் இல்லறத்தானே துணை என்று வள்ளுவர் வகுத்தபோதும், விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தபோதும் அவர் காட்டியது இதே உறவின் மறுபக்கம். கதவைத் தட்டுபவன் ஒருவன், திறப்பவன் ஒருவன். அவ்விருவரும் சேர்ந்தே தர்மம்.

கேரவனின் குறை இப்பொழுது துலங்குகிறது. அதில் குறைவு ஒன்றும் இல்லாததே அதன் குறை. படுக்கை உண்டு, விளக்கு உண்டு, சோறு உண்டு. யார் வீட்டுக் கதவையும் தட்டவேண்டியதில்லை. ஆயிரம் மைல் சென்று மீண்டாலும், ஒரே ஒரு மனிதனிடத்திலேனும், உன் உதவியில்லாமல் இன்றிரவு எனக்கு வழியில்லை என்று சொல்லாமலே வந்துவிடலாம். மார்செல் இதன் எதிர்நிலைக்கே தம் நெறியில் உயர்ந்த இடம் அளித்தார்: பிறர் அழைப்புக்கு எப்போதும் இணங்கத் தயாராய், தன்னைத் திறந்து வைத்திருக்கும் நிலை அது. ஏட்டறிவினால் மட்டும் அவர் இதைக் கண்டவரல்லர். முதல் உலக யுத்தத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில், காணாமற்போன சிப்பாய்களைப் பற்றிய விசாரணைகளுக்கு விடையளிக்கும் பணியில் இருந்தார்; மகன் எங்கே, கணவன் எங்கே என்று கேட்டு வந்து நின்றோர்முன், பெயரும் படைப்பிரிவும் எழுதிய வெறும் அட்டைகள் மனித முகங்களாக மாறியதை அனுபவித்தார். பிற்பாடு, இரண்டாம் யுத்தம் முடியும் தறுவாயில், மனிதனை அடிப்படையில் வழிநடைக்காரன் என்று வருணித்து அவர் ஒரு நூல் எழுதினார். வழி நடப்பதாலேயே ஒருவன் அந்தப் பெயருக்கு உரியவனாகிவிடமாட்டான். வழியில் எதிர்ப்படுபவனுக்கு அவன் கிட்டவேண்டும்.

நியாயமாகப் பேசினால், கேரவன்காரர்க்கும் அந்த வாய்ப்பு அடியோடு இல்லாமற் போகவில்லை. பிரான்ஸின் சிற்றூர்கள் பலவற்றில் ஊராட்சி மன்றமே நடத்தும் முகாம்திடல் உண்டு. கட்டணம் சொற்பம், ஆற்றங்கரையில் நாலு மரநிழல், மதில்சுவர் கிடையாது. வண்டியைப் பின்னோக்கி ஒதுக்கத் தெரியாமல் ஒருவர் திண்டாடினால், பாஷை தெரியாத மூன்று பேர் ஓடிவந்து கையசைத்து வழிகாட்டுவர். கூடார முளையடிக்கச் சுத்தியல் இரவல் போகும், அதோடு ஒரு கிண்ணம் பழமும் திரும்பி வரும். தானே ஓடும் மோட்டார் வீடுகளுக்கென்று 1993இல் தோன்றிய ஓர் ஏற்பாட்டில், உழவர்களும் திராட்சைத் தோட்டக்காரர்களும் தம் நிலத்தில் ஓர் இரவு தங்கக் காசு வாங்காமலே இடம் தருகிறார்கள். அவர்களிடம் எதுவும் வாங்கியாகவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. சத்திரங்கள் மறைந்த நாட்டிலும் சத்திரத்தின் குணம் இவ்வாறு ஆங்காங்கே தலைகாட்டுகிறது.

கடற்கரையோ வேறொரு பாடத்தை மறக்கவொட்டாமல் படிப்பிக்கிறது. ஜிரோந்து நதி கடலில் கலக்கும் முனையிலுள்ள சூலாக் என்ற ஊரில், நிலமுடிவின் மாதா என்னும் பழங்கோயில் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த யாத்திரிகர்கள் கரையிறங்கி முதலில் வணங்கிய கோயில்களுள் அது ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் காற்று அடித்துக் குவித்த மணல் அதை மூடிவிட, ஊரார் அதைக் கைவிட்டனர். அடுத்த நூற்றாண்டில் மணலை வாரி மீண்டும் வெளிக்கொணர்ந்தனர். அதே ஊரில் 1967ஐ ஒட்டி, கடலுக்கு இருநூறு மீட்டர் தள்ளி, எழுபத்தெட்டு வீடுகள் கொண்ட ல சிஞால் என்னும் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தது. கரை வருஷந்தோறும் அரித்துக்கொண்டே வர, 2014இல் அங்கிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். 2023இல் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மணல் விழுங்கிய கோயில் மீண்டது. கடல் நெருங்கிய வீடு மீளவில்லை. அருகே கேரவனை நிறுத்தியிருப்பவர், நமக்கு இந்த அச்சம் இல்லை, கொக்கியை மாட்டினால் போயிற்று என்று எண்ணுவாரானால், அநித்தியத்தை அவர் கண்டாரே ஒழிய உணரவில்லை. அந்நாட்டின் சட்டமோ ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1975இல் ஏற்படுத்திய கரையோரப் பாதுகாப்பு நிறுவனம் வாங்கிச் சேர்க்கும் நிலத்தை எவரும் விலைக்குக் கொள்ள முடியாது. 1976ஆம் ஆண்டின் சட்டமொன்று, கடலோரத் தனியார் நிலங்களினூடே மூன்று மீட்டர் அகலத்துக்கு நடந்து செல்வோர்க்கு வழி விடச் செய்கிறது.

இறுதியாக, இந்த வினாவின் கூர்மை முழுவதும் தைப்பது, ரோன் நதியின் கழிமுகத்திலுள்ள சேன்த் மரி தெ லா மேர் என்னும் ஊரில். வருஷந்தோறும் மே மாதம் 24ஆம் தேதி, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஜிப்ஸி மக்கள் தங்கள் கேரவன்களோடு அங்கே கூடுகிறார்கள். அவர்களுடைய முன்னோர் பல நூற்றாண்டுகட்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை அவர்கள் மொழியே சாட்சி சொல்கிறது. கோயிலின் நிலவறையில், மெழுகுவத்திகளின் வெக்கை முகத்தில் அடிக்க, திருச்சபை புனிதர் வரிசையில் முறைப்படி சேர்க்காத சாரா என்னும் கரிய நிறத்து அன்னையின் உருவம் நிற்கிறது. வருவோர் ஒவ்வொருவரும் நேர்ந்துகொண்ட அங்கியை அவள்மேல் போர்த்துகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பட்டும் சரிகையும் ஏறி, கரிய சிறு முகம் மட்டும் மேலே தெரியும். கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டு, வர இயலாத உறவினரின் புகைப்படத்தைக் காலடியில் வைக்கிறார்கள். பிறகு வெண்குதிரை வீரர்கள் சூழ, அவளைத் தோளில் சுமந்து கடலுக்குள் இறங்குகிறார்கள்.

இவர்களுடைய சஞ்சாரத்தை அந்நாடு எவ்வாறு நடத்திற்று? 1912இல் இயற்றிய சட்டம், ஊர்சுற்றும் குடும்பத்தார்க்கு உடலின் அளவுகளும் கைரேகையும் பதிந்த அடையாளப் புத்தகம் ஒன்றைக் கட்டாயமாக்கிற்று. எந்த ஊருக்குள் வந்தாலும் அதிலே முத்திரை பெறவேண்டும், கிளம்பும்போதும் பெறவேண்டும். 1940 ஏப்ரலில் அவர்கள் நடமாட்டத்தையே அரசாங்கம் தடை செய்தது; பின் முகாம்களில் அடைத்தது. கோடைவிடுமுறைக் கூட்டம் அரண்மனைகளைக் காணச் செல்லும் லோவார் பிரதேசத்தில், மோந்த்ரேய் பெல்லே என்ற இடத்தில் அத்தகைய பெருமுகாம் ஒன்று இருந்தது. தேசம் விடுதலை அடைந்த பிறகும் சிலர் 1946 வரை அடைபட்டே கிடந்தனர். இதில் பிரெஞ்சு அரசின் பொறுப்பை நாட்டின் தலைவர் ஒப்புக்கொண்டது 2016இல். 1912ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 1969இல் வந்த பயணப் பத்திர முறையில் எஞ்சியிருந்ததும் நீங்கியது 2017இல்தான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மக்களுள்ள ஊர்கள் இவர்கள் தங்க இடம் ஒதுக்கவேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் சட்டம் சொல்லுகிறது. ஒதுக்கிய இடங்களில் பல, குப்பைக் கிடங்குக்கும் நெடுஞ்சாலைக்கும் பக்கத்தில் அமைந்திருக்கின்றன. வண்டி ஒன்றே, சக்கரம் ஒன்றே. ஒருவன் வந்தால் நல்வரவு, மற்றவன் வந்தால் எப்போது கிளம்புவாய் என்ற கேள்வி.

சிமோன் வெய் என்ற பெண் ஞானி, 1943இல் லண்டனில் தம் வாழ்வின் கடைசி மாதங்களில் எழுதிய நூலில், வேரூன்றியிருத்தல் ஆன்மாவின் முதன்மையான தேவைகளுள் ஒன்று என்று வாதித்தார். சமூகம் ஒன்றின் வாழ்வில் உண்மையாகப் பங்குகொள்வதையே அவர் வேர் என்றார். அந்த அளவுகோலால் பார்த்தால், உறவும் நேர்த்தியும் நினைவும் பிரியாமல் நிலவறையில் ஆண்டுதோறும் கூடும் அந்நாடோடிகள் வேருள்ளவர்கள். அடுத்த வீட்டுக்காரன் பெயர் அறியாமல் நகரத்து மாடியில் முப்பது வருஷம் வாழ்ந்தவன் வேரற்றவன். சக்கரத்துக்கும் வேருக்கும் பகை இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டோடு புறப்படுபவன் துறவியாகமாட்டான், ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவன் சக்கரம் பூண்ட இல்லறத்தான். இல்லறத்தானுக்குரிய இரண்டு தர்மங்களைக்கொண்டே அவனை அளக்கவேண்டும்: உடைமைக்கு வரம்பு, அதிதிக்கு இடம். முதலாவதை வண்டியின் அச்சே அவனுக்குக் கற்பித்துவிடுகிறது. இரண்டாவதை எந்த யந்திரமும் கற்பிக்காது, அவனே கற்கவேண்டும். அந்தக் கரையோரங்களுக்கு என்றேனும் செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள் எடைக்கணக்குப் போடும்போது, குடும்பத்தார் எண்ணிக்கைக்கு மேல் ஒரு மடக்கு நாற்காலிக்கும் இடம் விடுங்கள். மாலையில் அதை விரித்து வெளியே போடுங்கள். நிலைத்த வீட்டிலேயே இருந்துவிடும் மற்றவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு: நம் ஊர் எல்லையில் நாடோடிக் குடும்பங்கள் வந்து இறங்கும்போது அவர்களை விரட்ட மனுப்போடுபவர்களோடு சேராதீர்கள், தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டுங்கள்.